ஆறு பேர் வந்தால் போதும்

ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிற வேலையில் முதல் பாடம் எப்படி விழுவது என்பதுதான்; நம் ஆட்களுக்கு அதை இரண்டு தடவை நடத்த வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நடத்தும்போது பாதிப் பேர் இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். பொங்கல் விழா நாடகத்துக்கு ஒத்திகை வைத்திருப்பீர்கள். பிள்ளை பிறந்தநாளுக்கு ஹால் பிடித்துக் காத்திருப்பீர்கள். "ஆன் தி வே" என்று மெசேஜ் போட்டுவிட்டு அப்புறம் குளிக்கப் போகிறவர்களை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்! அந்த ஜனத்தை வைத்துக்கொண்டு, வினாடிக் கணக்குப் பார்த்து நடத்துகிற ஒரு விளையாட்டில் ஆறு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் நான்.

எனக்குப் படிப்பு எட்டாவது வரைக்கும். ஊர் சாத்தூர் பக்கம். வயது அறுபத்தொன்று. டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில், ஒரு ரிங்க்கில் வேலை. ரிங்க் என்றால் உள்ளே தரை முழுக்க ஐஸ் போட்டு வைத்திருக்கிற பெரிய கொட்டகை. சனிக்கிழமைகளில் நம் ஆட்கள் டீமுக்கு நான்தான் கோச். எல்லாரும் வேலைக்குப் போகிற, நாற்பதைத் தொட்ட, தொடப்போகிற ஆட்கள். கடைசிப் பிரிவில் கடைசி டீம். அதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. கவலை வேறே. ஆட்டத்துக்கு, வலையைக் காக்கிற கோலியோடு சேர்த்து, ஆறு பேராவது இருக்கணும். இல்லாவிட்டால் நோட்டில் "வரலை" என்று எழுதிவிடுவார்கள். ஒரு சீசனில் மூன்று "வரலை" விழுந்தால் டீமையே லீக்கை விட்டுத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் நம் சனிக்கிழமை நேரம் வேறு யாருக்கோ. திரும்ப வாங்குவது லேசில்லை. போன சீசன் முடிவதற்குள் எங்களுக்கு இரண்டு விழுந்துவிட்டது. மூன்றாவது விழாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பழசையும் சொல்லிவிடுகிறேன்.

மெட்டி

ஃபிரிஸ்கோவுக்கு வருவதற்கு முன்னால் நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஹோட்டலில் மாஸ்டர். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு ரிங்க்கில் உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுக்கிற கவுண்டரில் சேர்ந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கிறேன். அந்தப் பக்கம் என் வயதுப் பொம்பளைகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மட்டையோடு, பக் என்கிற ஒரு கறுப்பு ரப்பர் வில்லையை விரட்டிக்கொண்டு சர்ரு சர்ரென்று போகிறார்கள். என் கால் நின்ற இடத்திலேயே ஆடும். மேனேஜர் ஃபிராங்க் அதைப் பார்த்துவிட்டார். "பொம்பளை டீம்ல ஒரு ஆள் குறையுது, நீ வர்றியா?" என்றார். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

ஸ்கேட் என்பது பூட்ஸ் இல்லை, கிட்டி. காலை நெருக்கிப் பிடித்தால்தான் அது ஸ்கேட். எனக்குக் காலில் மெட்டி. கல்யாணத்தன்று போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை. மெட்டியோடு காலை உள்ளே விட்டு லேஸை இழுத்தால் உயிர் போகிறது. கழற்றவும் மனசில்லை. இதற்காக யாரும் மெட்டியைக் கழற்றுவார்களா? மூன்று வாரம் ஸ்கேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ராத்திரி தூக்கத்திலும் கால் உதறுகிறது என்று வீட்டுக்காரர் காரணம் கேட்டார். சொன்னேன். எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து, அவரே கழற்றினார். "இதைக் கழட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது செல்வி. நீ அங்க விழுந்தா உனக்குத்தான் ஆகும், அதைப் பாரு."

தனி நாற்காலி

முதல் மேட்ச்சில் எதிர் டீம் பொம்பளை ஒருத்தியின் காலுக்குள் என் மட்டை போய்விட்டது. அவள் விழுந்தாள். ரெஃபரி விசில் ஊதி, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஓரத்தில் ஒரு சின்ன அறையின் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார். தனி நாற்காலி. பக்கத்தில் ஒரு ஆள், கதவைத் திறந்து மூடுவதற்கே. தண்ணீர்கூட இருந்தது. புதுசாக வந்திருக்கிறாள், இளைப்பாறட்டும் என்று மரியாதை பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். ரெஃபரிக்குத் தேங்க்யூ சொன்னேன். கதவு திறந்துவிட்ட ஆளுக்கும் சொன்னேன்.

அன்றைக்கு நாலு தடவை அந்த மரியாதை கிடைத்தது. நாலு தடவையும் சொன்னேன். எங்கள் டீமில் பெக்கி என்று ஒருத்தி, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்: "செல்வி, அது தண்டனைம்மா. நீ என்னடான்னா விருந்துக்கு வந்த மாதிரி தேங்க்யூ சொல்லிட்டு உக்கார்ற!"

எட்டரை சைஸ்

மகளுக்கு வேலை மாறி எல்லாரும் ஃபிரிஸ்கோ வந்தோம். வெளியே கார் கதவைத் தொட்டால் கை பொரிகிற வெயில். உள்ளே ரிங்க்கில் மூக்கு விறைக்கும். டோனா என்கிற மேனேஜரம்மா எனக்கு ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கிற கவுண்டரில் வேலை போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் இரண்டு பேர் அரைக்கால் சட்டையோடு வந்து எட்டரை சைஸ் கேட்டார்கள். கொடுத்தேன். அதில் ஒருவர், முரளி என்று பிற்பாடு தெரிந்தது, ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டே பக்கத்து ஆளிடம் பேசுகிறார். "இந்தம்மா மூஞ்சியப் பாரு, பல்லு விளக்கினியான்னு கேட்டாக்கூட அழும் போல. சைஸும் சின்னதாத்தான் குடுத்திருக்கு." நல்ல கோயம்புத்தூர்த் தமிழ்.

நான் அவர் செருப்பை வாங்கி அலமாரியில் வைத்தேன். இரண்டு பேரும் உள்ளே போய்ச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி இறங்குகிற சின்னக் குழந்தை மாதிரி நிற்கிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்தபடியே கத்தினேன். "முட்டியை மடக்குங்கப்பா! நிமிந்து நின்னா விழத்தான் செய்வீங்க!" முரளி நிமிர்ந்தார், விழுந்தார். விழுந்த இடத்தில் இருந்தே கையைத் தூக்கினார். "ஆன்ட்டி, நீங்க தமிழுன்னு முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க!"

பேர் வைத்த கதை

அவர்கள் இரண்டு பேர் ஆறு பேரானார்கள், ஆறு ஒன்பதானது. நான் பத்தாவதாக என் பெயரையும் எழுதிக்கொண்டேன்; போன வருஷம் வரைக்கும் நானும் இறங்கி ஆடியிருக்கிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஐஸில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் இருந்து மட்டையை வைத்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டேன்.

லீக்கில் சேர்வதற்கு டீமுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றாள் டோனா. அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் திறந்தார்கள். சேரன் வைத்தால் சோழன் கோபித்துக்கொள்வார் என்றார் ஒருவர். புலி வேண்டாம், சிங்கம் வேண்டாம், அரசியல். ஜெயந்தினி என்று ஒரு பெண், யாழ்ப்பாணத்துக்காரி, பல் டாக்டர். கையெழுத்துச் சுத்தம், ஆட்டமும் சுத்தம். அவள் ஒரு நல்ல பெயர் சொன்னாள். அதற்கு எழுத்து எண்ணிக்கை ராசியில்லை என்று ஒருவர் எண் கணிதம் பார்த்துச் சொன்னார். கடைசி நாள் போய்விட்டது. பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு டோனா கட்டத்தில் "டி.பி.டி." என்று மூன்று எழுத்து எழுதி வைத்திருந்தாள். அப்படியே அச்சாகி, ஜெர்சியின் முதுகிலும் வந்துவிட்டது. ஆறு வருஷமாக நாங்கள் டீம் டி.பி.டி. ஜெர்சியைப் பிரித்துப் பார்த்த ஜெயந்தினி சிரிக்கவே இல்லை. "பரவாயில்லை அன்ரி, ஒருத்தரும் கோவிக்கேலாத பேர் இது ஒண்டுதான்."

கால் பட்டால்

எங்கள் டீமில் சுந்தர் மாதிரி நல்ல மனுஷனை நீங்கள் பார்க்க முடியாது. அதுதான் எங்களுக்குச் சங்கடம். ஒரு ஆட்டத்தில் எதிர் டீம் ஆள் ஒருவன் பக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறான். சுந்தர் சரியாக மறித்துவிட்டார். மறித்ததில் சுந்தரின் ஸ்கேட் அவன் ஸ்கேட்டில் இடித்தது. நமக்கெல்லாம் யார் மேலாவது கால் பட்டால் கை தானாகப் போகுமே, போனது. சுந்தர் அப்படியே குனிந்து, கையுறையோடு அவன் காலைத் தொட்டு, தன் தலைக்கவசக் கம்பியில் ஒற்றிக்கொண்டார். அவன் பயந்துபோய் நின்றுவிட்டான். ஆனால் பக் நிற்குமா? பின்னால் வந்த இன்னொருவன் அதை எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் போட்டுவிட்டான்.

ரெஃபரி என்னிடம் வந்து, "உங்க ஆளு அவனுக்கு ஆசீர்வாதமா பண்ணினாரு? இதுக்கு விதிப் புத்தகத்துல ஒண்ணுமே இல்லையே" என்று தலையைச் சொறிந்தார். நான் சுந்தரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். அந்த மனுஷன் என்னையே பரிதாபமாகப் பார்க்கிறார். "கோல் போனா இன்னொண்ணு போட்டுக்கலாம் ஆன்ட்டி. கால்ல பட்டுடுச்சே!"

தலையைக் காட்டிவிட்டு

முதல் "வரலை" விழுந்த கதை இது. பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். அன்றைக்கே பத்து மணிக்கு ஒரு அரங்கேற்றம். டீமில் பாதிப் பேருக்கு அழைப்பு. "போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடறோம் ஆன்ட்டி" என்றார்கள். இந்தத் தலையைக் காட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் காட்டினவரை வாசலில் பெண்ணின் அப்பா பிடித்துக்கொள்வார். வர்ணம் நடக்கும்போது எழுந்தால் மரியாதையில்லை. தில்லானா ஆரம்பித்துவிட்டால் சாப்பாடு நெருங்கிவிட்டது, சாப்பிடாமல் போனால் அதற்கு மேல் மரியாதையில்லை.

நான் ரிங்க் வாசலுக்கும் ஐஸுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். போனில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டால் எல்லாரும் ரகசியக் குரலில் பேசுகிறார்கள், பின்னால் ஜதி கேட்கிறது. இரண்டு மணிக்கு என்னிடம் இருந்தது இரண்டே பேர். எதிர் டீம் வரிசையாக நின்று மட்டையைத் தட்டுகிறது. டோனா நோட்டைத் திறந்தாள். "செல்வி, வராதவங்க பேரை எழுதச் சொல்றாங்க. நான் வந்தவங்க பேரை எழுதிக்கட்டுமா, சீக்கிரம் முடியும்?"

முரளியின் ஆயுத பூஜை

இரண்டாவது விழுந்ததற்கு முரளிதான் காரணம், ஆனால் அவரைத் திட்டவும் முடியாது. முரளி எங்கள் கோலி. ஒன்பது கோல் வாங்கின மறுநாள் யாரோ அவரிடம், கருவிக்கு மரியாதை செய்தால்தான் கருவி நமக்கு மரியாதை செய்யும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் ஆயுத பூஜை. சனிக்கிழமை அதிசயமாக எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். மட்டைக்கு வைத்தார், தலைக்கவசத்துக்கு வைத்தார், ஐஸைச் சுரண்டிச் சமமாக்குகிற வண்டிக்கும் வைத்தார். கோல் கம்பத்துக்கு வைக்கக் குனிந்தபோது சிமிழ் வழுக்கிவிட்டது.

ஐஸில் கோல் கோடும் சிவப்பு, குங்குமமும் சிவப்பு. தண்ணீர் பட்டதும் அது பரவி, கோடு எது குங்குமம் எது என்று தெரியாமல் கம்பத்துக்குக் கம்பம் ஒரே சிவப்பு. துடைக்கத் துடைக்கப் பெரிதாகிறது. பக் கோட்டைத் தாண்டினதா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆட்டத்தை நடத்த மாட்டேன் என்று ரெஃபரி கையைக் கட்டிக்கொண்டார். வண்டி மூன்று தடவை போய்ச் சுரண்டினது. அந்த வண்டிக்கும் நெற்றியில் பொட்டு. நாலாவது தடவை போவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. ஐஸைக் கெடுத்த டீம் வராத டீம் மாதிரிதான் என்று விதி இருக்கிறதாம். வண்டி ஓட்டுகிற பெரியவர் இறங்கி வந்து முரளியின் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் வெள்ளைப் பவுடர்ல ஏதாவது கும்பிடுங்க தம்பி."

பால் பொங்கின சனிக்கிழமை

இரண்டு விழுந்தாயிற்று. சீசனில் மீதி இருந்தது ஒரே ஆட்டம். அதற்கு ஆறு பேர் வந்தால் டீம் உண்டு, வராவிட்டால் இல்லை. நான் ஒரு மாதம் முன்னாலேயே எல்லாருக்கும் தேதி சொன்னேன், சனிக்கிழமை காலை பதினொன்றரை. தினமும் காலையில் குட்மார்னிங்குக்குப் பதில் அதையே அனுப்பினேன். இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் டீம் கார்த்தி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றான். புது வீடு கட்டியிருக்கிறான், கிரகப்பிரவேசம். என்றைக்கு என்று பத்திரிகையைப் பிரித்தேன். அதே சனிக்கிழமை. "மாத்த முடியாதாப்பா?" "கார்த்திகை மாசத்துக் கடைசி முகூர்த்தம் ஆன்ட்டி. அதை விட்டா மார்கழி. ஆனா எட்டரைக்கு ஐயர் வந்துடுவாரு, பத்து மணிக்கு முடிஞ்சிரும். எல்லாரும் நேரா வந்துடலாம்."

ஒன்பது பேரில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். ஒருவருக்கு ஆபீசில் அன்றைக்கு ஏதோ புதுசு இறக்குகிறார்கள், நகர முடியாது. ஒருவர் மைத்துனரைப் பார்க்கக் கேட்டி என்கிற ஊருக்குப் போய்விட்டார். மீதி முரளி, சுந்தர், ஜெயந்தினி, எப்போதும் சேர்ந்தே வருகிற இரண்டு ரமேஷ்கள், கார்த்தி. சரியாக ஆறு. ஒருத்தர் தும்மினால்கூட ஆபத்து.

எட்டரைக்கு வர வேண்டிய ஐயர் பத்துக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு அது இரண்டாவது வீடு, இன்னும் இரண்டு பாக்கி. ஹோமம் ஆரம்பித்தது. எல்லாரும் கூடத்தில் கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் அடுப்புக் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி! காரை எடுக்கச் சொல்லிக் கத்தப் போனேன். அப்புறம்தான் புரிந்தது, புது வீடு, யாரும் இன்னும் மணி வைக்கவில்லை, அது பாட்டுக்குப் பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டிருக்கிறது. என் போனில் பத்து ஐம்பது. "இன்னும் எவ்வளவு நேரம் சாமி?" என்று ஐயரைக் கேட்டேன். "முக்கா மணி. அவசரப்படுத்தினா அக்னி கோவிச்சுக்கும்."

கார்த்தி விரலில் தர்ப்பை மோதிரத்தோடு என்னையே பார்க்கிறான். பாதி எழுந்தும்விட்டான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி தீபா, முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் பத்து வருஷம் அப்பார்ட்மெண்ட் அப்பார்ட்மெண்டாக மாறிக் கட்டின வீடு. வா என்று கூப்பிடத்தான் வாயெடுத்தேன். "உக்காருப்பா. இதை விட்டு எழுந்திரிச்சுப் போகக் கூடாது" என்றேன். மற்ற ஐந்து பேரையும் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். இலை போட ஆரம்பித்திருந்தார்கள். கார்த்தியின் அம்மா வாசல் வரைக்கும் ஓடி வந்தார். "ஐயோ, சாப்பிடாமப் போறாங்களே! என்ன குறைன்னு சொல்லிட்டுப் போங்க!"

காரை ஜெயந்தினி ஓட்டினாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. "அன்ரி, நாங்கள் அஞ்சு பேர்தானே?" "ஆறு." "ஆர் ஆறாவது?" நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "அன்ரி! டொக்டர் என்ன சொன்னவர்? ஓடக்கூடாது எண்டெல்லோ சொன்னவர்!" "ஓடலம்மா. வழுக்கத்தான் போறேன்."

பதினொன்று இருபத்தெட்டுக்கு ஐஸில் இறங்கினோம். முரளி வேட்டியைக் கார் நிறுத்துகிற இடத்திலேயே மாற்றினார். எதிர் டீம் பனி நாட்டில் பிறந்து நடக்கிறதுக்கு முன்னால் வழுக்கின ஆட்கள். மாற்று ஆட்களே ஒரு வரிசை உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு மாற்று கிடையாது. ஆறில் ஒருத்தர் நடுவில் குறைந்தாலும் அந்த நிமிஷமே "வரலை"தான், டோனா முன்னாலேயே சொல்லிவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் பகுதியில் நாலு கோல். இரண்டாவதில் ஏழாவது கோல் போன சமயம், நான் திரும்பும்போது வலது முட்டியில் கடக் என்றது. விழுந்தேன். விசில். ரெஃபரி வந்து குனிந்து, வெளியே போகிறீர்களா என்றார். முட்டிக்குள் யாரோ ஆணி வைத்து அடிக்கிற மாதிரி இருக்கிறது. போனால் ஐந்து பேர். கண்ணாடிக்கு வெளியே டோனாவின் பேனா மூடி திறந்திருக்கிறது. "லேஸ் அவுந்துடுச்சு, கட்டிட்டு எந்திரிக்கிறேன்" என்றேன். அந்த மனுஷன் என் லேஸைப் பார்த்தார். இரட்டை முடிச்சுப் போட்டது, பல்லால் கடித்தாலும் அவிழாது. எதிர் டீம் பக்கம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "நல்லா கட்டுங்க மேம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கட்டினேன். அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன். எழுந்தேன். அப்புறம் நான் ஆடினது ஆட்டமே இல்லை. ஐஸில் நட்டு வைத்த கம்பம் மாதிரி ஒரு இடத்தில் நின்றேன், பக் வந்தால் மட்டையை நீட்டினேன். சுந்தர் இரண்டு ஆள் வேலை பார்த்தார். முரளி பட்டதையெல்லாம் உடம்பில் வாங்கினார். ஒவ்வொரு கோலுக்கும் ரமேஷ்கள் என் பக்கம் வந்து, "நிக்கிறீங்களா ஆன்ட்டி? நின்னா போதும் ஆன்ட்டி" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் அது நகர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம் சீக்கிரம் முடியணும் என்று நான் வேண்டினது அன்றைக்குத்தான்.

முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது கண்ணாடிக்கு வெளியே பட்டுப் புடவை. தீபா. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு கார்த்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரஸ்ஸிங் ரூமுக்கு ஓடுகிறான். இரண்டு பேருக்கும் பின்னால், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஐயர். அவரை அடுத்த வீட்டில் இறக்கிவிடப் போகிற வழியாம். கார்த்தி ஹோமப் புகை வாசனையோடு ஐஸில் வந்து குதித்த பிறகுதான் நான் பெஞ்சுக்குப் போனேன். உட்காரவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். "பால் பொங்கிடுச்சா?" என்று கத்தினேன். தீபா கண்ணாடியில் கையைத் தட்டிக்கொண்டே கத்தினாள். "கிழக்கால பொங்கிச்சு ஆன்ட்டி! பொங்கின உடனே நான்தான் இவர எந்திரிக்கச் சொன்னேன்!"

கடைசி மணி அடித்தது. பதினொன்றுக்குப் பூஜ்யம். எங்கள் ஆட்கள் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு முரளி மேல் விழுந்து கட்டிப் புரள்கிறார்கள். ஜெயந்தினி அழுகிறாள். எதிர் டீம் காப்டன் கடிகாரத்தை ஒரு தடவை, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் ஆட்களிடம் ஏதோ கேட்கிறார். ஐயருக்கும் அதே சந்தேகம். "பதினொண்ணு வாங்கினது நம்மவா, கட்டிண்டு குதிக்கறதும் நம்மவா. எந்தக் கணக்கும்மா இது?"

நான் நொண்டிக்கொண்டே டோனாவிடம் போனேன். அவள் நோட்டில் எழுதி முடித்து, எனக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். இங்கிலீஷ் சரளமாக வராது என்றாலும் அந்த ஒரு வார்த்தையை நான் எங்கே பார்த்தாலும் படித்துவிடுவேன். "பாத்துக்கோ செல்வி, 'தோல்வி'. 'வரலை' இல்ல. அடுத்த சீசனும் இதே சனிக்கிழமை. அதுக்குள்ள அந்த முட்டியை ரிப்பேர் பண்ணிக்கோ."

முட்டிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, அடுத்த சீசன் அட்டவணையும் வந்துவிட்டது. ஐஸ் மேலே நிற்கிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நம் ஆட்கள் ஆறு பேரை ஒரே நேரத்தில் ஐஸ் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறதுதான் ஆட்டம் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் நான் படித்த ஒரே பாடம்.